மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பின் தீம் பார்க்: அம்மாவை அழைத்துச் செல்வது எப்படி?

குடும்பத்துடன் தீம் பார்க்கிற்குச் சென்றால், ராட்டினத்தில் ஏறாதவரே பைகளுக்குக் காவல் என்பது நம் வீடுகளில் எழுதப்படாத விதி. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மா உடன் வந்தால், அந்தப் பொறுப்பு யாரும் சொல்லாமலேயே அவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. காலையில் செருப்புகளுக்கும் துண்டுகளுக்கும் நடுவே ஒரு சிமென்ட் திட்டில் அமர்பவர், மாலையில் எழ முயலும்போதுதான் மூட்டு விறைத்துப்போயிருப்பதை உணர்கிறார். இதற்கு நேர்மாறாக, பேரப்பிள்ளைகளின் வேகத்துக்கு ஈடுகொடுத்து நாள் முழுவதும் நடந்துவிட்டு, இரவில் முழங்கால் பருத்துப்போய்த் தூங்க முடியாமல் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். நடையும் இருக்கையும் மாறி மாறி வரும்படி அந்த நாளை முன்கூட்டியே வகுத்துக்கொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம். சென்னையை அடுத்த திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்காவை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதற்கான வழிமுறைகளை இங்கே சொல்கிறேன். வேறு ஊர்ப் பூங்காக்களுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும்.

எப்போது போகலாம்?

மூட்டு மாற்றிய முதல் ஆறு வாரங்களில் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து அந்தக் காலத்தில் அதிகம். அதற்காகத்தான் இரத்தத்தை இளக்கும் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். வீக்கம் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரைகூட வந்து வந்து போகலாம். ஆகவே, மூன்று மாதங்களேனும் கழித்துப் போவதே நிதானமான முடிவு என்பது என் கருத்து.

மருத்துவரிடம் "தீம் பார்க் போகலாமா?" என்று பொதுவாகக் கேட்டால், பொதுவான பதில்தான் கிடைக்கும். தொடர்ச்சியாக எவ்வளவு நேரம் நிற்கலாம், எத்தனை படிகள் ஏறி இறங்கலாம், தையல் போட்ட இடம் தண்ணீரில் மூழ்கலாமா, இரத்தத்தை இளக்கும் மாத்திரை இன்னும் தொடர்கிறதா, தொடர்ந்தால் இடிபடும்போது என்ன செய்ய வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூட்டு மாற்றாமல் தசைநாரை மட்டும் சீரமைத்துக்கொண்ட இளவயது உறவினராக இருந்தால், கவலை வேறு விதமானது. ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரையிலான காலத்தில் புதிய நார் பலவீனமாக இருக்கும். ஆனால் வலி குறைந்துவிடுவதால் அவருக்குத் தம் கால் நன்றாகிவிட்டதாகவே தோன்றும். அம்மாவைக் காட்டிலும் அவரைத்தான் அதிகம் கண்காணிக்க வேண்டியிருக்கும்.

மருத்துவரின் அனுமதி கிடைத்ததும் பூங்காவுக்கான தேதியைக் குறித்துவிடாமல், முதலில் ஒரு வெள்ளோட்டம் பாருங்கள். வீட்டுக்கு அருகிலுள்ள வணிக வளாகத்திலோ பெரிய பல்பொருள் அங்காடியிலோ ஒரு மணி நேரம் நடந்தும் அமர்ந்தும் கழித்துவிட்டு வந்து, மறுநாள் காலை முழங்காலைப் பாருங்கள். வலியும் வீக்கமும் வழக்கமான அளவுக்குத் திரும்பியிருந்தால் பயணத்தைத் திட்டமிடலாம். திரும்பாவிட்டால் இன்னும் சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

பருவமும் முக்கியம். மே மாதக் கத்திரி வெயிலில் உடலில் நீர் வற்றும், கால் வீக்கமும் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை வழுக்கும். காணும் பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வரும் வார நாள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பிள்ளைகளுக்கு ஒரு நாள் பள்ளி விடுப்பு எடுக்க நேர்ந்தாலும், சனி ஞாயிறு நெரிசலை நினைத்தால் அது பெரிய இழப்பாகத் தோன்றாது.

முன்கூட்டியே கேட்டறிய வேண்டியவை

பூங்காவின் பரப்பு சுமார் 64 ஏக்கர். அதை ஒரு சதுரமாகக் கற்பனை செய்தால் ஒரு பக்கம் அரைக் கிலோமீட்டர் வரும். ஓரமாக ஒரு முறை சுற்றி வந்தாலே 2 கிலோமீட்டர் ஆகிவிடும். விட்டதைப் பார்க்கத் திரும்பி நடப்பது, கழிப்பறைக்குச் செல்வது, வாகன நிறுத்தத்திலிருந்து வாயில்வரை நடப்பது எல்லாம் இதற்கு மேல். எனவே சக்கர நாற்காலி கிடைக்குமா, அதற்கு முன்பதிவு வேண்டுமா, வாடகையும் முன்பணமும் எவ்வளவு என்பதைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். கிடைப்பது உறுதியில்லை என்றால், மருத்துவக் கருவிகளை வாடகைக்கு விடும் கடையில் ஒரு நாளைக்கு எடுத்துக்கொண்டு போவதே மேல். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை, மாத்திரையோடு உண்ண வேண்டிய உணவை உள்ளே கொண்டுசெல்ல அனுமதி, வெஸ்டர்ன் கழிப்பறைகள் எங்கெங்கே உள்ளன என்பவற்றையும் அதே அழைப்பில் கேட்டுக்கொள்ளலாம். குந்தி அமரும் கழிப்பறை புதிய மூட்டுக்கு ஆகாது.

வரிசையில் காத்திராமல் ஏற உதவும் ஃபாஸ்ட் டிராக் சீட்டுகளும் இங்கே விற்கப்படுகின்றன. அவற்றை அம்மாவுக்கு வாங்குவதில் பொருளில்லை, பிள்ளைகளுக்கு வாங்குங்கள். அவர்கள் எவ்வளவு விரைவில் முடித்துவிட்டு வருகிறார்களோ, அவ்வளவுக்கு அம்மாவின் காத்திருப்பும் குறையும். கூடுதல் செலவுதான்; ஆனால் இதைவிடப் பயனுள்ள செலவு அந்த நாளில் வேறொன்று இருக்காது.

வண்டியும் வாயிலும்

வண்டியில் முன் இருக்கையை முழுவதும் பின்னுக்குத் தள்ளி, அம்மாவை அங்கே அமர வையுங்கள். முதலில் இருக்கையில் பின்புறமாக அமர்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்ள வேண்டும். இருக்கையின் மீது ஒரு பிளாஸ்டிக் உறையை விரித்துவைத்தால் திரும்புவது எளிதாகும். வண்டி புறப்படும் முன் அந்த உறையை எடுத்துவிடுங்கள். ராஜீவ் காந்தி சாலை நெரிசலில் பயணம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக்கூடும் என்பதால், நடுவில் ஒரு முறை இறங்கிச் சில நிமிடங்கள் நடக்கட்டும். அமர்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருப்பது கெண்டைக்காலில் இரத்தம் தேங்காமல் தடுக்கும்.

உடையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: புடவையானாலும் சுடிதாரானாலும் கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும். காலணிக்குக் குதிகால் பக்கம் பட்டை இருக்க வேண்டும். ஹவாய் செருப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஊன்றுகோலை அறுவை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பதை உடன் வருபவர்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஏனெனில் கைத்தாங்கலாகப் பிடிக்கிறேன் என்று பாசத்தோடு அந்தக் கையையே இழுத்துப் பிடித்துக்கொள்பவர்கள் நம்மில் அதிகம்.

வாயிலில் உலோகச் சோதனைக் கருவி ஒலி எழுப்பினால் பதற வேண்டியதில்லை. செயற்கை மூட்டில் உலோகம் இருக்கிறது என்று முன்னதாகவே சொல்லிவிட்டால் கைக்கருவியால் சோதித்து அனுப்பிவிடுவார்கள். மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியின் படம் கைப்பேசியில் இருக்கட்டும்.

சக்கர நாற்காலி

"நான் என்ன நோயாளியா?" என்று அம்மா மறுக்கக்கூடும். வாதிட வேண்டாம். பைகளை வைத்துத் தள்ளிக்கொண்டு போவதற்காக என்று சொல்லி நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அவரே அதைக் கேட்பார். இருபது நிமிடங்கள் நடந்தால் இருபது நிமிடங்கள் அமர்வது என்ற கணக்கில் தொடங்கி, அவருடைய முகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஒரே இடத்தில் நிற்பதுதான் நடப்பதைக் காட்டிலும் மூட்டைச் சோர்வடையச் செய்யும் என்பதால், வேடிக்கை பார்க்க நிற்கும் இடங்களில் அவரை அமர வைத்துவிடுங்கள்.

நாற்காலியைக் கையாள்வதிலும் நுணுக்கங்கள் உண்டு. எழும்போதும் அமரும்போதும் இரு பக்கமும் பிரேக் போட்டிருக்க வேண்டும், கால் வைக்கும் தட்டுகளை மடக்கியிருக்க வேண்டும். தட்டின் மேல் ஏறி நின்றால் நாற்காலி முன்பக்கமாகக் கவிழும். செங்குத்தான சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, தள்ளுபவர் பின்னோக்கி நடந்து இறங்க வேண்டும். சாதாரண சக்கர நாற்காலியில் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இருப்பதால், அவ்வப்போது காலை நீட்டி மடக்கச் சொல்லுங்கள்.

மற்ற இடங்களில் அமரும்போது, கைப்பிடி உள்ள, முழங்கால் உயரத்துக்குக் குறையாத இருக்கையைத் தேடுங்கள். பூங்காக்களில் காணப்படும் தாழ்வான திட்டுகளில் அமர்வது எளிது, எழுவது கடினம். வீட்டிலிருந்து ஒரு கெட்டியான திண்டு கொண்டுபோனால் அந்த உயரக் குறையை ஈடுகட்டலாம். ஓய்வெடுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது சுகமாக இருக்கும்; ஆனால் தொடர்ந்து அப்படி வைத்தால் கால் முழுதாக நீளாமல் போய்விடும். குதிகாலுக்கு அடியில் வைப்பதே சரி.

எதில் ஏறலாம், எதில் கூடாது

சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஏறக் கூடாது என்று வேகமான ராட்டினங்களின் அருகிலேயே பலகை வைத்திருப்பார்கள். அதைச் சம்பிரதாயம் என்று எண்ணிவிடக் கூடாது. இங்குள்ள தஞ்சோரா என்ற ரோலர் கோஸ்டரில் இருக்கைகள் தண்டவாளத்துக்குக் கீழே தொங்குகின்றன. கால்களுக்கு அடியில் தளமே இல்லை. திருப்பங்களில் தொங்கும் கால் வீசப்படும்போது அந்த விசை முழுவதும் முழங்காலில்தான் இறங்கும். மற்ற வகை ராட்டினங்களில் தொடையை அழுத்தும் கம்பியும், முழங்கால் இடிக்கும் குறுகிய இடமும் தொல்லை தரும்.

மென்மையான சவாரிகளில் ஏற்றுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏறும் படி எவ்வளவு உயரம்? முழங்காலை எவ்வளவு மடக்க வேண்டியிருக்கும்? ஏறி இறங்கும்போது வண்டி முழுதாக நிற்குமா? நடுவழியில் நின்றுபோனால் எப்படி இறக்குவார்கள்? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. உயரத்தில் ஓடும் ஸ்கை ரயில் போன்றவை உட்கார்ந்து பார்ப்பதற்கு இதமானவை. ஆனால் மின்தடையோ கோளாறோ ஏற்பட்டால் குறுகிய அவசரப் படிகளில் இறங்க வேண்டி வரலாம். ஏறுமிடத்துக்கு லிஃப்ட் இருக்கிறதா என்பதையும், அவசரத்தில் இறக்கும் முறையையும் ஊழியரிடம் கேட்டு, திருப்தியானால் மட்டும் ஏற்றுங்கள். படிகளில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் என்பதை அம்மாவுக்குப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்திருப்பார். கூட்டத்தின் அவசரத்தில் அது மறந்துபோகாமல் பார்த்துக்கொள்வது உடனிருப்பவரின் வேலை. குடை ராட்டினத்தில் குதிரையைத் தவிர்த்து, உள்ளே அசையாமல் இருக்கும் இருக்கையில் அமரலாம்.

தண்ணீர்ப் பகுதியை நான் முற்றிலும் தவிர்க்கவே சொல்வேன். காயம் முழுமையாக ஆறியிருந்தாலும், அலைக்குளத்தில் அலையைவிடப் பக்கத்தில் நிற்பவர் வந்து மோதுவதுதான் ஆபத்து. மிதவை வளையத்தில் சும்மா மிதப்பது பாதுகாப்பாகத் தோன்றினாலும், அதிலிருந்து எழுந்துவர முழங்காலை ஆழமாக மடக்க வேண்டும். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும் நேரத்தை அம்மாவின் நீண்ட ஓய்வுக்கும் மதிய உணவுக்கும் ஒதுக்கிவிடலாம். அந்த நேரத்தில் பெரியவர்களில் ஒருவர் முறைவைத்து அவருடன் இருக்க வேண்டும், பைகளை லாக்கரில் வைத்துவிட வேண்டும். வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின், சொன்ன நேரத்தில் கொடுங்கள். வலி ஏறட்டும் என்று காத்திருந்தால் மாலைப் பொழுது கெடும். மாத்திரை வலியை மறைத்துவிடும் என்பதால், "வலிக்கவில்லை" என்ற சொல்லை நம்பிக் கூடுதலாக நடக்கவும் விடாதீர்கள்.

இத்தனை ஏற்பாடுகளும் மலைப்பாகத் தோன்றினால், முதல் முறைக்கு ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள வி.ஜி.பி. கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். குளிர்சாதன வசதியுடன், கண்ணாடிச் சுரங்கத்தின் வழியே மீன்களைப் பார்த்துக்கொண்டு செல்லும் இடம் அது; தீம் பார்க்கோடு ஒப்பிட்டால் நடை குறைவு, வெயிலும் இல்லை.

வீடு திரும்பிய பின்

மூடும் நேரம்வரை இருக்க வேண்டாம். எல்லோரும் ஒரே நேரத்தில் வாயிலுக்கு விரையும் நெரிசலுக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் காலை இதயத்தின் மட்டத்துக்கு மேலே உயர்த்திவைத்து, துணியில் சுற்றிய ஐஸ் பேக்கை 15 முதல் 20 நிமிடங்கள் வரை வைக்கலாம். மறுநாள் உடற்பயிற்சியைக் கைவிடக் கூடாது, அளவை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம்.

கெண்டைக்காலில் வலி என்று அம்மா சொன்னால் தைலம் தேய்த்துப் பிடித்துவிடத்தான் நமக்குத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து வலித்தால் அது இரத்த உறைவாக இருக்கக்கூடும்; உடனே அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்துகொண்டால், பூங்காவில் இருந்தாலும் வழியில் இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். இள்ளலூர் பக்கம் என்றால் கேளம்பாக்கத்தில் செட்டிநாடு மருத்துவமனை இருக்கிறது. தழும்பில் நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.