பாறை ஜாயிண்டின் பிடிப்பை அளக்க: சுத்தியல், பலகை, கப்பி

குன்னூர் மலைப்பாதையில் ஒரு சாலைவெட்டு. சார்னோக்கைட் பாறையில் சாலைப் பக்கமாகச் சாய்ந்த ஜாயிண்ட் (இயற்கையான வெடிப்பு) வழுக்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. துண்டை உரசி வழுக்கவைத்து அளக்கும் ஆய்வகக் கருவியான ஷியர் பெட்டியை மேலே ஏற்ற வழியில்லை. அதனால் பாறைப் பொறியியல் ஆய்வாளர்கள் பார்ட்டனும் சௌபேயும் 1977இல் சொன்ன முறையைப் பிடித்தேன். காம்பஸில் சாய்வும் திசையும் எடுக்க உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ஷ்மிட் சுத்தியல்

வில்விசையால் அடித்து, எவ்வளவு எகிறுகிறது என்பதை எண்ணாகக் காட்டும் கருவி இது. குறைந்த விசையோடு அடிக்கும் எல்-வகைதான் வேண்டும். கான்கிரீட்காரர்களிடம் இருப்பது பெரும்பாலும் என்-வகை, கடன் வாங்காதீர்கள். முதலில் சாதாரண சுத்தியலால் தட்டுங்கள். ‘டொப்’ என்றால் கல் ஆடுகிறது, விட்டுவிடுங்கள். ‘கணீர்’ என்றால் ஜாயிண்ட் முகத்தில் இடம் மாற்றி மாற்றிப் பத்து அடி. பெரிய ஐந்தின் சராசரியே அளவு. நேர் கீழ்நோக்கி அடிக்கவில்லையென்றால் அட்டவணை பார்த்துக் கழிக்க வேண்டும்.

நான் கோட்டை விட்டது இங்கேதான். சுத்தியல் பெட்டியில் ஒரு சாணைக்கல் வரும். பரப்பைத் தேய்க்கக் கையேடும் சொல்லும். நல்ல பிள்ளையாகத் தேய்த்தேன். பழுப்புத் தோல் போய்க் கருநீலம் எட்டிப் பார்த்தது, அளவு 50. வழுக்கும்போது உரசப்போவது அந்தப் பழுப்புத் தோல்தானே! ஒரு முழம் தள்ளித் தேய்க்காமல் அடித்தேன்: 40.

இந்த அளவிலிருந்து ஜாயிண்ட் சுவரின் அமுக்க வலிமையைத் தருவது மில்லர் சூத்திரம்: 0.00088 × எடையடர்த்தி (கன மீட்டருக்கு 26.5 கிலோநியூட்டன்) × அளவு + 1.01, வருவதை 10இன் அடுக்காகப் போடுங்கள். 50க்கு 150 மெகாபாஸ்கல், 40க்கு வெறும் 88.

புதிதாக அறுத்த கல்லிலும் 50 வந்தது. அது வீணல்ல. மேடுபள்ளத்தைக் கணக்கில் எடுக்காமல் மிஞ்சும் பிடிப்பைக் கோணமாகச் சொல்ல அது வேண்டும். எஞ்சிய உராய்வுக் கோணம் = (அடிப்படைக் கோணம் − 20) + 20 × 40/50. அடிப்படைக் கோணம் (அறுத்த சமதளப் பரப்பின் உராய்வுக் கோணம்) 30° என்றால் விடை 26°.

2. சாய்வுச் சோதனை

ஜாயிண்ட் முகத்தின் கரடுமுரடை எண்ணாக்க, சீப்புக் கருவியால் வடிவெடுத்துப் பத்து மாதிரிப் படங்களோடு கண்ணால் ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டு பேர் பார்த்தால் இரண்டு எண் வரும். கீல் வைத்த பலகை, கிணற்றுக் கப்பி, ஃபோன் கோணமானி போதும். ஜாயிண்டின் இரு பக்கத் துண்டுகளையும் பலகையில் பொருத்திவைத்து, பலகை சாயும்படி கயிற்றை மெல்ல இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கோணம் குறைந்துவிடும். துண்டு தட்டையாக இருக்கட்டும், தடித்தால் வழுக்காமல் குப்புற விழும்.

என் துண்டு 20 செ.மீ. நீளம், 5 செ.மீ. தடிமன். 62°இல் வழுக்கியது. அழுத்தம் = எடையடர்த்தி × தடிமன் × கோசைன் வர்க்கம் = 0.00029 மெகாபாஸ்கல். கரடுமுரடு எண் = (62 − 26) ÷ 10 அடிமான மடக்கை (88/0.00029) = 6.6.

பிற்சேர்க்கை: கையளவு துண்டின் எண்ணை 2 மீட்டர் ஜாயிண்டுக்கு அப்படியே போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. நீள விகிதத்தை (இங்கே 10) −0.02 × 6.6 என்ற அடுக்குக்கு உயர்த்திப் பெருக்குங்கள், 6.6 என்பது 4.9 ஆகும். சுவர் வலிமைக்கு அடுக்கு −0.03 × 6.6, 88 என்பது 56 ஆகும்.

இன்னொருவருக்குச் சுத்தியலில் தினம் ஓர் அளவு வந்திருக்கிறது. விசாரித்தால், ஒரு நாள் வெயிலில், ஒரு நாள் மழைக்குப் பின். நான் எழுத மறந்தது இது: ஜாயிண்ட் முகத்தை நனைத்து அடியுங்கள், அறுத்த கல்லைக் காயவைத்து அடியுங்கள்.