அணு உலை உரிமப் புதுப்பிப்பு: அமெரிக்க மாநில அரசுகள் கோட்டை விடும் இடங்கள்

அமெரிக்காவில் அணுமின் நிலையத்துக்கு முதல் உரிமம் 40 ஆண்டுகளுக்கு. அதன்பின் 20 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். தருவதும் மறுப்பதும் மத்திய அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், அதாவது என்.ஆர்.சி. உலை அமைந்திருக்கும் மாநிலம் அந்த விசாரணையில் பங்கேற்கலாம். அப்படிப் போன மாநிலங்களில் சில, நல்ல சரக்கு கையில் இருந்தும் வெறுங்கையோடு திரும்பியிருக்கின்றன. வாதம் பலவீனமாக இருந்ததைவிட, அதைத் தவறான இடத்தில், தவறான நேரத்தில் வைத்ததுதான் பல வழக்குகளில் வினையானது.

முதல் தவறு, தனக்கு வீட்டோ, அதாவது தடுத்து நிறுத்தும் அதிகாரம், இருப்பதாக நினைப்பது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு முழுக்க மத்திய அரசின் கையில். மின்சாரம் தேவையா, விலை கட்டுப்படியாகுமா என்று மாநிலம் கேட்கலாம். 1983-இல் கலிபோர்னியா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு இது. வெர்மான்ட் மாநிலம் இந்தக் கோட்டை மறந்தது. வெர்மான்ட் யாங்கி உலை 2012-க்குப் பிறகும் ஓட வேண்டுமானால் சட்டமன்றம் ஒப்புதல் தர வேண்டும் என்று 2006-இல் சட்டம் போட்டார்கள். 2010 தொடக்கத்தில் நிலத்தடிக் குழாயிலிருந்து டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் கசிந்தது தெரியவந்தது. பிப்ரவரியில் மாநில செனட் 26–4 என்ற கணக்கில் உலைக்கு எதிராக வாக்களித்தது. உலையை நடத்திய என்டர்ஜி நிறுவனம் நீதிமன்றம் போனது. சட்டமன்றக் குழுக் கூட்டங்களின் ஒலிப்பதிவுகள் அங்கே வந்தன. ‘பாதுகாப்பு’ என்று சொன்னால் சட்டம் நிற்காது, வேறு சொல் தேடுவோம் என்ற ரீதியில் உறுப்பினர்கள் பேசிக்கொண்டதும் அதில் இருந்தது. 2012 ஜனவரியில் நீதிபதி முர்த்தா அந்தச் சட்டம் செல்லாது என்றார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த முடிவை ஆமோதித்தது. மனதில் பாதுகாப்பை வைத்துக்கொண்டு வாயில் பொருளாதாரம் பேசினால், பதிவேடு காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தது, மக்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ அதையெல்லாம் மனுவில் கொட்டுவது. உரிமப் புதுப்பிப்பில் என்.ஆர்.சி. பார்ப்பது முக்கியமாக இரண்டைத்தான்: பாகங்கள் மூப்படைவதை நிறுவனம் எப்படிச் சமாளிக்கப் போகிறது, சுற்றுச்சூழல் தாக்கம் என்ன. அவசரகால வெளியேற்றத் திட்டமும் காவல் ஏற்பாடும் அன்றாடம் கண்காணிக்கப்படுபவை, ஆகவே இங்கே வராது என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. நியூயார்க் நகருக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றங்கரையில் இயங்கிய இந்தியன் பாயின்ட் நிலையத்தின் விஷயத்தில் சுற்றுவட்டாரம் முழுக்கக் கேட்ட கேள்வி, இத்தனை ஜனத்தை எப்படி வெளியேற்றுவீர்கள் என்பதுதான். அந்தக் கேள்விக்கு அந்த அறையில் இடமில்லை. நியாயமா என்றால், எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் விதி அதுதான்.

வரம்புக்குள் வந்துவிட்டால் சண்டை எவ்வளவு நுணுக்கமாகும் என்பதற்கும் அதே வழக்கு சாட்சி. அசையும் பாகமோ, வேலை செய்யும்போது மாறும் தன்மையோ இல்லாத கருவிகளுக்குத்தான் மூப்பு மேலாண்மைத் திட்டம் கட்டாயம். டிரான்ஸ்பார்மர் எந்த வகை? அதில் எதுவும் அசைவதில்லை, ஆகவே திட்டம் வேண்டும் என்றது நியூயார்க். ஆணையத்துக்குக் கீழே வழக்கை முதலில் கேட்கும் விசாரணைக் குழு 2013-இல் ஒப்புக்கொண்டது. 2015-இல் ஆணையம் அதைத் திருப்பிப் போட்டது. இன்னொன்றில் கதை தலைகீழ். பெரிய விபத்துக்குப்பின் நிலத்தைத் தூய்மைப்படுத்த எத்தனை நாள் ஆகும் என்ற இடத்தில் 60, 120 நாட்கள் என்று போட்டு நிறுவனம் கணக்குப் பார்த்திருந்தது; ஆணைய ஊழியர்களும் அதை ஏற்றிருந்தார்கள். பெருநகரத்தை ஒட்டிய இடத்துக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும் என்றது மாநிலம். குழுவில் தோற்ற இந்த வாதம், 2016-இல் ஆணையத்தில் வென்றது. நகரத்தின் கதியைப் பற்றிப் பொதுவாகப் புலம்பாமல், விபத்தைக் கணிக்கும் கணினி மாதிரிக்குள் போட்ட இரண்டு எண்களைப் பிடித்து உலுக்கியதன் பலன் அது.

விதியையே எதிர்ப்பதை உரிம வழக்குக்குள் வைப்பதும் பழக்கமான சறுக்கல். பயன்படுத்திய எரிபொருளை வைக்கும் குளங்களில் தீப்பிடிக்கும் அபாயத்தை மாசசூசெட்ஸ் அரசு, தன் மாநிலத்தின் பில்கிரிம் உலை, வெர்மான்ட் யாங்கி இரண்டின் வழக்குகளிலும் எழுப்பியது. எல்லா உலைகளுக்குமான பொது ஆய்வில் இது முடிந்த விஷயம், மாற்ற வேண்டுமானால் விதி திருத்த மனு போடு என்றது என்.ஆர்.சி. 2008-இல் நீதிமன்றமும் அதையே சொன்னது. விதியை நேரடியாக எதிர்த்துப் போன வழக்கு பலித்ததும் உண்டு: நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட், வெர்மான்ட் நான்கும் சேர்ந்து போட்ட வழக்கில், அணுக்கழிவுச் சேமிப்பு பற்றிய விதியை நீதிமன்றம் 2012 ஜூனில் ரத்து செய்தது. 2014 வரை நாடு முழுக்க இறுதி உரிமங்கள் நின்றன.

விசாரணை அறிவிப்பு வந்தால் வழக்கமாக 60 நாள்தான். அதற்குள் நிபுணர் வாக்குமூலத்தோடு ஆட்சேபங்கள் போயாக வேண்டும். அக்கறையுள்ள மாநிலம் என்ற தகுதியில் சும்மா உட்காரலாமே என்று இருந்துவிடுவதும் ஆபத்து. அந்தத் தகுதி அடுத்தவர் எழுப்பிய ஆட்சேபத்தின்மேல் சவாரி செய்வது. அவர் விழுந்தால் மாநிலமும் விழும்.

எனக்கு மிகவும் வலித்தது வெர்மான்ட்டின் இன்னொரு தோல்வி. தூய நீர்ச் சட்டத்தின் 401-ஆவது பிரிவின்படி, மாநிலத்தின் நீர்த் தரச் சான்று இல்லாமல் மத்திய உரிமம் தர முடியாது. அந்தச் சான்று இல்லாமலே 2011 மார்ச்சில் வெர்மான்ட் யாங்கிக்கு உரிமம் தந்துவிட்டார்கள் என்று மாநிலம் மேல்முறையீட்டு நீதிமன்றம் போனது. வலுவான வாதம். ஆனால் 2012-இல் நீதிமன்றம் அதற்குள் போகவே இல்லை. விசாரணைக் குழுவுக்கு மேலே இருக்கும் ஆணையத்திடம் இதை முன்வைக்கப் பல வாய்ப்புகள் இருந்தும் விட்டுவிட்டீர்கள் என்று தள்ளிவிட்டது. அந்த ஒரு சீராய்வு மனு, யாரும் எழுதாத மனு.

அதே 401-ஐ நியூயார்க் கையாண்ட விதம் வேறு. சட்டம் தரும் ஓராண்டுக் கெடுவைக் கடந்தால் மாநிலம் உரிமையை இழக்கும். கெடு முடியும் தறுவாயில், 2010 ஏப்ரலில், மீன்கள் சாவதைக் காரணம் காட்டி மாநிலச் சுற்றுச்சூழல் துறை சான்றை மறுத்தது. கடலோர மேலாண்மைச் சட்டத்தையும் கையில் எடுத்து, 2016 நவம்பரில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் வென்றது. விசாரணை அறைக்கு வெளியே இருந்த இந்த அதிகாரங்கள்தான் மாநிலத்தின் பேரத்துக்கு வலு சேர்த்தன.

இழுத்தடித்தால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காலாவதிக்கு ஐந்து ஆண்டு முன்பே விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை பழைய உரிமமே செல்லும். இந்தியன் பாயின்ட் இரண்டாம் உலை 2013 செப்டம்பருக்குப் பிறகு அப்படித்தான் ஓடியது. 2017 ஜனவரியில் மாநிலமும், இந்த உலைகளையும் நடத்திய என்டர்ஜியும் அவற்றை மூடும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மலிவான இயற்கை எரிவாயுவால் சந்தை விலை விழுந்திருந்ததும் நிறுவனத்தை நெருக்கியது. 2018-இல் என்.ஆர்.சி. புதுப்பித்த உரிமத்தையும் தந்தது. ஆனாலும் உடன்பாட்டின்படி 2020 ஏப்ரலில் ஒரு உலையும் 2021 ஏப்ரலில் மற்றதும் மூடப்பட்டன.