காசிமேடு ஐஸ் ஆர்டர் ஆப்: பின்தள மொழியை மாற்றியது ஏன்?

காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் எங்கள் மாமாவுக்காக ஆர்டர் எழுதும் ஒரு சின்ன வெப் ஆப் செய்தேன். பின்தளம், அதாவது சர்வரில் ஓடும் பகுதி, நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் மொழியை சர்வரில் ஓட்டும் மென்பொருள்). பகலில் நன்றாக ஓடும். விடியற்காலை முதல் ஆர்டர் மட்டும் ஒரு நிமிடம் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். முந்தைய இரவு போட்டு வைத்த ஐஸ் விலையும் காணாமல் போயிருக்கும்.

டேட்டாபேஸில் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் போட்டேன், பலனில்லை. அப்புறம் பைத்தானில், ஃபிளாஸ்க் என்ற வெப் ஃபிரேம்வொர்க் வைத்து முழுதும் மாற்றி எழுதினேன். அதே சுற்றல்.

வழி காட்டியது, சர்வரில் நடப்பதைப் பதிந்து வைக்கும் லாக்கில் இருந்த ஒரு வரி. தாமதமான ஒவ்வொரு ஆர்டருக்கும் சற்று முன் ‘சர்வர் தொடங்கியது’ என்றிருந்தது. யாரும் அதைத் தொடங்கவில்லை. ஆப்பை இணையத்தில் ஓட்டித்தரும் மலிவான ஹோஸ்டிங் சேவை, ஆள் வராத நேரத்தில் புரோகிராமை நிறுத்திவிட்டு, அடுத்த ஆள் வந்ததும் எழுப்புகிறது. விலை மெமரியில் ஒரு மாறியில்தான் (variable) இருந்தது, அதனால் அதுவும் போய்விடும்.

சரி, எப்போதும் விழித்திருக்கும் புரோகிராம் தேவைப்படாத மொழியைத் தேடினேன். 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பி அதற்குப் பொருந்தியது. வழக்கமான அமைப்பில் அதன் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஓடி முடிந்துவிடும். மெமரியில் எதுவும் தங்காது. ஆகவே விலையை மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸின் டேபிளுக்கு மாற்றினேன். பிஎச்பிக்கென்றே இருக்கும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பலர் ஒரே சர்வரைப் பகிர்வது) ஏற்றியதும் முதல் ஆர்டரும் உடனே பதிவாகிறது. பெரிய நிம்மதி.

நேரலையில் தகவல் ஓடும் சாட் மாதிரி ஆப் என்றால் நோட் அல்லது கோ (Go) மொழி எடுத்து, தூங்காத விபிஎஸ் (நமக்கென ஒதுக்கப்படும் மெய்நிகர் சர்வர்) ஒன்றுக்குக் காசு ஒதுக்குவேன்.