கராத்தேயா, குத்துச்சண்டையா, சிலம்பமா? பிள்ளையைச் சேர்க்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பிள்ளையைத் தற்காப்பு வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதலில் கேட்பது, "பாரம்பரியக் கலை நல்லதா, இந்தக் காலத்து விளையாட்டு நல்லதா?" என்றுதான். கேள்வியே கோணல். கையுறை, மூன்று நிமிடச் சுற்று, விழுந்தவர் எழுவதற்குப் பத்து விநாடி எல்லாம் 1867இல் வெளியான குயின்ஸ்பெரி விதிகளிலேயே குத்துச்சண்டைக்கு வந்துவிட்டன. பாரம்பரியம் என்று நாம் நம்பும் கொரியக் கலையான டேக்வாண்டோவுக்கோ அந்தப் பெயர் வந்தது 1955இல். எனவே கலையின் வயதை விடுங்கள். எப்படிப் பழக்குகிறார்கள் என்று பாருங்கள்.

"எங்கள் அடி உயிரை எடுத்துவிடும், அதனால் ஸ்பாரிங் வைப்பதில்லை" என்று, அதாவது இருவரை மோதவிட்டுப் பழக்குவதில்லை என்று, மாஸ்டர் சொன்னால் உஷாராகுங்கள். 1882இல் ஜூடோவைத் தொடங்கிய ஜப்பானியர் ஜிகோரோ கானோ இதற்கு அன்றே வழி கண்டார். ஜப்பானின் பழைய சண்டைக் கலையான ஜுஜுட்சுவின் ஆபத்தான அடிகளை, வகுத்த அசைவுகளை மட்டும் செய்து பழகும் கட்டாவில் ஒதுக்கினார். எஞ்சிய வீச்சுகளை இருவர் முழு மூச்சோடு மல்லுக்கட்டிப் பழகும் ரண்டோரியாக்கினார். விட்டுக்கொடுக்காத ஆளைத் தள்ளிப் பார்த்தால்தான் தூரமும் நேரமும் உடம்பில் ஏறும். காற்றில் ஆயிரம் குத்து விட்டாலும் அது வராது. பெல்ட் மட்டும் ஏறிக்கொண்டே போகும், பெல்ட்டுக்கான கிரேடிங் தேர்வுக் காசும் கூடவே.

சிலம்பத்துக்கும் இதே கணக்குத்தான். திருவிழாவுக்குக் கம்பு சுற்றுவது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அருமையான வேலை. ஆனால் எதிர்க்கம்பு வந்து மோதும்போது பிடி நழுவுகிறதென்றால் ஜோடிப் பயிற்சி போதவில்லை என்று அர்த்தம். புருவ உயரக் கம்பு பழகுவதற்குத் தோதானது. ஒவ்வொரு நாளும் அதன் இரு நுனிகளையும் தடவிப் பாருங்கள். வெடிப்பு விட்ட கம்பின் சிலாம்பு எதிராளின் கண்ணுக்குத்தான் போகும்.

மறுபக்கத் தவறு, போட்டி வளையத்தை வீதி என்று நினைப்பது. வளையத்தில் சம எடையுள்ள ஒரே எதிராளி, சமதரை, நடுவர். தோட்டத்து லயன் வீட்டு வாசலிலோ ஈரப் படிக்கட்டு, பக்கத்தில் கான், எதிராளி எத்தனை பேர் என்றே தெரியாது. அங்கே தலை உயரத்துக்கு உதைப்பவர் வழுக்கி விழுவார். கையுறை இல்லாமல் மண்டையில் குத்தினால் சுண்டு விரலுக்குக் கீழுள்ள எலும்பு முறியும். கொழுந்து பறிக்கும் கைக்கு அது வாரக்கணக்கில் சம்பள இழப்பு. கையுறை முக்கியமாகக் காப்பது குத்துகிறவரின் கையைத்தான் என்பதைப் பலர் அறிவதில்லை. பயிற்சியில்கூட நான்கரை மீற்றர் கைச்சுற்றுத் துணியைச் சுற்றிய பிறகுதான் கையுறை. வளர்ந்தவர்கள் ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் கையுறை எடுப்பது வழக்கம்.

எந்தக் கலையானாலும் மலையகத்துப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது விழப் பழகுவதுதான் என்பது எங்கள் எண்ணம். வாழ்நாளில் அடிக்க வருபவரை ஒரு தடவைகூடச் சந்திக்காமல் போகலாம். மழைக்காலத்தில் சரிவில் வழுக்காமல் இருக்க முடியாது. ஜூடோவில் இதுவே முதல் பாடம். நாடியை நெஞ்சோடு ஒட்டி, பின்மண்டை தரையில் படாமல் காத்து, முதுகை வளைத்து, விழும் கணத்தில் கையை உடம்பிலிருந்து சற்று விலக்கி உள்ளங்கையோடு தரையில் அறைய வேண்டும். பலர் செய்யும் தவறு கையைப் பின்னால் ஊன்றுவது; அதில்தான் மணிக்கட்டும் முழங்கையும் போகின்றன. குந்திய நிலையிலிருந்து தொடங்கி, பிறகு நின்றபடி, அதன் பிறகே ஒருவர் தள்ளிவிட. முதல் சில வாரங்கள் பாயில்தான், சீமெந்துத் தரையில் வேண்டவே வேண்டாம்.

தலையடியில் சமாளிப்பு வேண்டாம். அடிபட்ட பிள்ளைக்குத் தலைவலி, தலைச்சுற்று, மறதி, வாந்தி எது வந்தாலும் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தி தொடர்ந்தாலோ தூக்கக் கலக்கமாக இருந்தாலோ 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. அமெரிக்க, கனடிய குழந்தை மருத்துவர் சங்கங்கள் 2011இல் சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை வேண்டாம் என்றே அறிவித்தன. சின்ன வயதில் கால் நகர்வு, கயிறு தாண்டல், குத்துப் பை என்று பழகட்டும். தலையில் அடி வாங்கும் ஸ்பாரிங் தேவையில்லை. போட்டி எடைக்காகத் தண்ணீர் குடிக்காமல், பொலித்தீன் போர்த்தி ஓட வைக்கிறார்களா? அன்றே நிறுத்திவிடுங்கள்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலைக் குளிரில் நேரே உதைக்கப் போனால் தொடைத் தசை பிடிக்கும். பதினைந்து நிமிடமாவது மெதுவான ஓட்டமும் அசைவும் முதலில்.

சேர்க்கும் முன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சின்னவனைப் பெரியவனோடு மோதவிட்டுச் சிரிக்கிறார்களா, காயம்பட்டவரை யார் கவனிக்கிறார், பெண் பிள்ளைகளைத் தொட்டுத் திருத்தும் முன் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். பிள்ளைக்கு அங்கே கெடுதல் நடந்ததாகத் தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு இலக்கம் 1929.