டோக்கியோவின் பழைய மாளிகைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளைப் பழைய மாளிகைகளுக்கு அழைத்துப் போகிறேன். நான் ஆரம்பத்தில் செய்த தவறுகளையே புதிதாக வருபவர்களும் செய்கிறார்கள். ஷூவைக் கழற்று, சுவரைத் தொடாதே என்பதையெல்லாம் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். மற்றவற்றைப் பார்ப்போம்.

வெளிச்சுவரோடு திரும்பிவிடுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஜோசயா காண்டர் வடிவமைத்த ஃபுருகாவா மாளிகை 1917இல் கட்டி முடிக்கப்பட்டது. செம்பழுப்புக் கல் பதித்த சுவர், செங்குத்தான கூரை, முன்னால் ரோஜாத் தோட்டம். நாலு படம் எடுத்து, ‘ஆங்கிலேயப் பாணி வீடு’ என்று குறித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒரு மாணவி முகப்பை அவ்வளவு நேர்த்தியாக வரைந்திருந்தாள். அறிக்கை முழுக்க இங்கிலாந்து வீடுகளோடு ஒப்பீடு. உள்ளே போகவே இல்லை. அத்தனை உழைப்பும் வீண்.

விஷயமே மாடியில்தான் இருக்கிறது. நடைவழியில் நின்றால் கண்ணில் படுவது மேற்கத்திய மரக்கதவுகள். ஒன்றைத் திறந்தால் உள்ளே தாதாமி பாய் விரித்த தரை, ஷோஜி காகிதத் தடுப்புகள். மாடியில் பெரும்பாலும் இத்தகைய அறைகள்தான். வெளியிலிருந்து பார்த்தால் கல்சுவரும் கண்ணாடி ஜன்னலும்தான் தெரியும். கீழ்த்தளம் விருந்தினருக்கு, மாடி குடும்பத்துக்கு. ஊருக்குக் காட்டிய முகமும் வீட்டாரின் வாழ்க்கையும் ஒரே கூரையின் கீழ் இருந்ததை முகப்புப் படம் சொல்லவே சொல்லாது. தோட்டச் சீட்டை வைத்து உள்ளே போக முடியாது, மாளிகைக்குத் தனிக் கட்டணம். தயவுசெய்து அதைக் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

எல்லாக் கலப்பும் ஒன்றே என்று நினைப்பது

மிட்சுபிஷியின் மூன்றாம் தலைவர் இவாசாகி ஹிசாயாவுக்காக 1896இல் கட்டப்பட்ட மாளிகையும் காண்டருடையதுதான். ஆனால் அங்கே மேற்கத்திய வீடும் ஜப்பானிய வீடும் ஒன்றையொன்று ஒட்டி, தனித்தனியாக நின்றன. குடும்பம் வாழ்ந்தது ஜப்பானிய வீட்டில். அதில் பெரும்பகுதி இப்போது இல்லை, பெரிய கூடப் பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைப் பார்க்காமல் வந்தால் பாதிக் கதைதான். அங்கே பக்கத்தில் நின்ற ஜப்பானிய வீடு, 21 ஆண்டுகள் கழித்து ஃபுருகாவாவில் உள்ளே வந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

சுவர்த்தாளைத் தோல் என்று எழுதுவது

இவாசாகி மாளிகையின் மாடியில் பொன்னிறத்தில் புடைத்து நிற்கும் பூவேலை தோல் அல்ல. ஐரோப்பியத் தோல் வேலையைப் பார்த்து ஜப்பானியர் வாஷி காகிதத்தில் உலோகத் தகடு ஒட்டி, அச்சில் வைத்து அடித்துச் செய்தது.

கல் கட்டடம் என்பது

இவாசாகி மாளிகை மர வீடு.

தோட்டத்தில் பாதியோடு நிற்பது

ஃபுருகாவாவில் சரிவில் இறங்குங்கள். மேலே ரோஜாத் தோட்டம் காண்டருடையது. கீழே குளமும் பாறைகளுமாக இருப்பது ஏழாம் ஒகாவா ஜிஹெய் அமைத்த ஜப்பானியத் தோட்டம்.