தைமோமா ஆபரேஷன் முடிந்த வீட்டில் எதையெல்லாம் கவனிக்கணும்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்செலும்புக்குப் பின்னாலிருக்கும் தைமஸ் சுரப்பியில் வந்த தைமோமா கட்டியை எடுத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலின் 500க்கும் மேற்பட்ட படிகளை மூச்சு வாங்காமல் ஏறுகிறவர், நாற்பதாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கிளினிக்கில் ‘ரத்தம் கம்மி’ என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரம் வீணாய்ப் போச்சு.

கட்டி போனாலும், அது தடம்புரள வைத்த எதிர்ப்புச் செல்கள் உடம்பில் தங்கிவிடலாம். அவை எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தியை மட்டும் நிறுத்திவிடும். அபூர்வம்தான், ஆனால் வருஷங்கள் கழித்தும் வரும். இரும்புக்கு அங்கே வேலையே இல்லை.

ஆகவே ஹீமோகுளோபின் இறங்கினால், “ரெட்டிக்குலோசைட் எவ்வளவு?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். புதிதாய்ப் பிறந்த சிவப்பணுக்களின் கணக்கு அது. வெள்ளையணுவும் தட்டணுவும் சரியாக இருந்து, இது மட்டும் 1 சதவீதத்துக்குக் கீழே போனால் ரத்தநோய் நிபுணரைப் பாருங்கள். இவருக்கு 0.2. மஜ்ஜையைச் சோதித்துத்தான் உறுதி செய்தார்கள்.

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் ரத்தம் மெல்ல மெல்லத்தான் குறையும், ஆளும் பழகிவிடுவார். நம்ம மாநிறத்தில் முகம் வெளுத்தது தெரியாது. காலையில் சமையலறை ஜன்னலோரம் நிறுத்தி, கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். உள்பக்கம் சிவந்திருக்கணும். அன்றைக்கு அது உரித்த பூண்டு மாதிரி இருந்தது.

சைனஸ், நிமோனியா என்று திரும்பத் திரும்ப வந்தால் இம்யூனோகுளோபுலின் (கிருமியை எதிர்க்கும் புரதம்) அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். தைமோமாவோடு அது குறைந்துபோவதை 1954இல் ராபர்ட் குட் என்ற டாக்டர் எழுதிவைத்ததால் பெயரே ‘குட் சிண்ட்ரோம்’. பெயரில் மட்டும்தான் குட்! கட்டியை எடுத்தாலும் பெரும்பாலும் இது சரியாவதில்லை. டாக்டரைக் கேட்காமல் எந்தத் தடுப்பூசியும் வேண்டாம். இமை தொங்கினாலோ, பார்வை இரண்டாய்த் தெரிந்தாலோ அன்றே போங்கள்; தைமோமாவோடு வரும் தசைச் சோர்வு நோயாக இருக்கலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, ஹீமோகுளோபின், ஏற்றிய ரத்தப் பை எத்தனை. ஒரு பையில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கும், உடம்புக்கு அதை வெளியேற்றத் தெரியாது. பை கூடக் கூட, உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கணும்.

அந்த எதிர்ப்புச் செல்களை அடக்க இவர் சாப்பிடும் மருந்து சைக்ளோஸ்போரின். ரத்தத்தில் அதன் அளவு பார்க்கிற நாளில் காலை மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், ரத்தம் எடுத்த பிறகுதான் கொடுப்பேன்.

பம்பளிமாஸ் மட்டும் கூடவே கூடாது, மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ஈப்போ நாத்தனார் பக்கத்திலிருக்கும் தம்பூனிலிருந்து இரண்டு வாங்கிவந்து, நான் தடுத்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டும் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்குப் போய்ச் சேர்ந்தன.