செங்கோட்டை வெயிலில் டார்ட் தவளை வளர்க்கலாமா? ஒரு செய்முறை

டார்ட் தவளை, அதாவது தென், மத்திய அமெரிக்க மழைக்காடுகளின் சின்ன வண்ணத் தவளை பற்றித் தேடினால் கிடைப்பதெல்லாம் குளிர்நாட்டுக்காரர்களின் வீடியோக்கள். ஹீட்டர் எவ்வளவு வாட், ஈரப்பதத்தை எப்படி ஏற்றுவது என்றே பேசிக்கொண்டிருப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஜூனில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் வந்துவிட்டால் ஈரம் தானாக ஏறிவிடும். இங்கே பிரச்சினை சித்திரை வெயில்தான். இந்தத் தவளைகளுக்கு 22 முதல் 26 டிகிரி வரை சுகம். 30-ஐத் தாண்டி நாள் முழுக்க நின்றால் தாங்காது. ஆகவே பெட்டி, விளக்கு, தீனி எதுவானாலும் மே மாதத்தை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். புனலூர்க்காரர்கள் பிப்ரவரியிலிருந்தே கணக்குப் போடலாம்.

முதல் தவளைக்கு என் ஓட்டு லூக்கோமெலாஸுக்கு. கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்டது. வெனிசுவேலா, கயானா பக்கத்து இனம். வறண்ட மாதங்களில் ஒடுங்கிக் கிடந்து பழகியதால் கொஞ்சம் முன்பின் ஆனாலும் சமாளிக்கும். வீட்டில் பெரியவர்கள் "விஷத் தவளையா?" என்று கேட்பார்கள். காட்டில் தின்னும் எறும்பு, சிற்றுண்ணிகளிலிருந்துதான் அதற்கு விஷம் சேர்கிறது. பழ ஈ தின்று வீட்டில் வளர்ந்ததிடம் அது இருக்காது.

வாங்கும்போது காகிதம் முக்கியம். டார்ட் தவளைகள் சைட்டீஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. 2022-ல் வனஉயிர் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். காகிதம் தராத விற்பனையாளர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பெட்டியும் அடித்தளமும்

45×45×60 செ.மீ. அளவில் மீன் தொட்டி செய்பவரிடமே சொல்லிச் செய்துகொள்ளலாம். முன்பக்கம் திறக்க வேண்டும். மேல்மூடி முழுக்கக் கண்ணாடியாக இருக்கக் கூடாது. பின்னோரமாக ஒரு கை அகலத்துக்கு, பழ ஈ நுழைய முடியாத சன்னக் கம்பிவலை வையுங்கள். ஏன் என்று கீழே வரும். மீன் தொட்டிக்கான சிலிக்கானே போதும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் ஆகாது.

அடியில் இரண்டு அங்குலம் உடைந்த ஓட்டுச் சில்லு, அதன்மேல் நைலான் கொசுவலை, அதன்மேல் மண்கலவை. தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, நார்த்தூள் மூன்றும் கலந்தால் போதும், வெளிநாட்டுப் பாக்கெட் கலவை தேவையில்லை. நார்த்தூளில் உப்பு இருக்கும், நாலைந்து தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். மேலே காய்ந்த வாதுமை இலையும் பலா இலையும் தரை தெரியாத அளவுக்கு. ஒளிந்துகொள்ள ஒரு சிரட்டையைக் கவிழ்த்து, ஓரத்தில் தவளை நுழையும் அளவுக்கு வாசல் வெட்டிவிடுங்கள். முட்டையும் பெரும்பாலும் அதற்குள்தான் இடும்.

மணிபிளான்ட், ஃபிட்டோனியா, சிங்கோனியம், ப்ரோமிலியாட் நன்றாக வரும். நர்சரிச் செடியில் பூச்சிமருந்து இருக்கும் என்று வைத்துக்கொண்டு, மண்ணை முழுக்க உதறிக் கழுவி, சில வாரம் தனியாக வளர்த்த பிறகே உள்ளே நடுங்கள். செடி நட்டதும் ஸ்பிரிங்டெயில் பூச்சியை (பூஞ்சையையும் மக்கலையும் தின்னும் குட்டிப் பூச்சி) உள்ளே விட்டுவிட்டு ஒரு மாதமாவது பெட்டியைச் சும்மா விடவும். குட்டி அருவி, புகை கக்கும் கருவி எல்லாம் ஜம்பம்; அந்தக் காசுக்கு நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றைத் தரையிலும் ஒன்றை உச்சியிலும் வையுங்கள்.

தெளிக்க ஆர்ஓ தண்ணீர் அல்லது முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்த மழைநீர். போர் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளை படியும், தெளிப்பானின் நாசிலும் அடைக்கும்.

சூட்டை இறக்குவது

கான்கிரீட் மாடி அறை வேண்டாம், தரைத்தளத்தில் மேற்கு வெயில் படாத சுவர்தான் சரி. விளக்கு எல்இடி மட்டும். கோடையில் விடியற்காலையில் போட்டு, வெயில் ஏறும் முன் அணைத்து, மறுபடி மாலையில் போடும்படி டைமரை வையுங்கள்.

அப்புறம் அந்தக் கம்பிவலை. அதன்மேல் கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் ஃபேன் ஒன்றை, உள்காற்றை வெளியே இழுக்கும்படி பொருத்தி, வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியில் 26-க்கு வைத்துவிடுங்கள். மண்பானை தண்ணீரைக் குளிர்விக்கும் அதே வேலைதான். வெளிக்காற்று வறண்டிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் நன்றாக இறங்கும், கூடவே பெட்டியும் காயும், தெளிப்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள். சாரல் காலத்தில் இந்த வித்தை பலிக்காது, தேவையும் இருக்காது.

பழ ஈ: முக்கால்வாசிப் பேர் மாட்டுவது இங்கேதான்

தவளை வருவதற்கு முன்பே ஈ தயாராக இருக்க வேண்டும். இறக்கையற்ற ட்ரோசோபிலா (பழ ஈயின் அறிவியல் பெயர்) வாங்குங்கள். தீனிக்கு மைசூர் பல்கலைக்கழக ஆய்வகங்கள் பயன்படுத்தும் கணக்கு நமக்கும் ஒத்துவரும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், அகர் (கடற்பாசியிலிருந்து எடுக்கும், கூழை இறுக்கும் பொடி) 10 கிராம். (கருப்பட்டியைக் காப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.) அவர்கள் பூஞ்சைக்கு ப்ரோபியானிக் அமிலம் சேர்ப்பார்கள், வீட்டில் கொஞ்சம் வினிகர் போதும். கிளறிக் கப்பில் ஊற்றி, நன்றாக ஆறியதும் ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, முட்டை அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி, ஈக்களை விட்டு, நெருக்கமான துணியால் மூடுங்கள்.

சில நாளில் புழுக்கள் சுவரில் ஏறிப் பழுப்புக் கூடாக ஒட்டிக்கொள்ளும். கூட்டின் ஒரு முனையில் இரண்டு சின்னக் கொம்பு இருக்கும். வெளிவரும் முன் கூட்டுக்குள் சிவப்புக் கண் தெரியும். 25 டிகிரியில் முட்டை ஈயாக ஏறக்குறைய 10 நாள்.

ஆனால் அறை 30 டிகிரியைத் தொட்டால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். ஈ உயிரோடு திரியும், முட்டையும் இருக்கும், புழு மட்டும் வராது. தீனியில்தான் கோளாறு என்று ரவையை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கப்புகளைத் தரையில், ஈரச் சாக்கு சுற்றிய மண்தொட்டிக்குள் வையுங்கள். தொட்டியைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்தால் எறும்பும் வராது. வாரம் ஒரு புதுக் கப்பாவது போட்டால்தான் தட்டுப்பாடு வராது.

கொடுக்கும்போது ஈயைக் கால்சியம், வைட்டமின் டி3 பொடியில் குலுக்கிக் கொடுங்கள். வெறும் ஈ மட்டும் தின்றால் தவளையின் எலும்பு வீணாகும்.

பிற்சேர்க்கை

"என் ஈக்களுக்கு இறக்கை முளைத்துவிட்டது" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இரண்டு காரணம் உண்டு. வாழைப்பழத்தில் மொய்க்கும் நாட்டு ஈ உள்ளே புகுந்து கலந்தால் குஞ்சுகள் எல்லாம் பறக்கும். அந்தக் கப்பை ஃப்ரீசரில் போட்டுவிட்டு வேறு தொடங்குங்கள். நீங்கள் வாங்கியது குற்றிறக்கை வகை (இறக்கை முழுதாக வளராத) ஈயானால் சூட்டில் வளரும்போதே இறக்கை நீளும்; அதற்குக் கப்பைக் குளிர்வித்தால் போதும்.

இன்னொருவர் பெட்டியின் வடிநீரை வாய்க்காலில் விடலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. வெளிநாட்டுத் தவளையோடு கைட்ரிட் பூஞ்சை வரக்கூடும்; அது உலகெங்கும் தவளை இனங்களையே அழித்த நோய். மேற்குத் தொடர்ச்சி மலையைப் போல வேறெங்கும் இல்லாத தவளைகள் உள்ள இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வடிநீரில் ப்ளீச்சிங் பவுடர் கலந்து இரவு முழுக்க வைத்துக் கழிப்பறையில் ஊற்றுங்கள். பழைய மண்ணையும் தோட்டத்தில் கொட்டாதீர்கள். அதேபோல, பாலருவிப் பக்கம் போனால் பெட்டிக்கென்று பாசி பிய்த்து வருவதும் வேண்டாம். வனத்துறை பிடிக்கும், பிடிக்காவிட்டாலும் பூரானும் அட்டையும் சேர்ந்தே வரும்.